வீட்டு பன்னும் விட்டுப்போன கணக்கும்

"கடையில ஒரு பன் பத்து ரூபாய். அதையே வீட்ல செஞ்சா பாதி விலைதான். சுத்தமாவும் இருக்கும்."

ஈஸ்ட் போட்டு வீட்டிலேயே பன் சுடுவதைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த இரண்டு காரணங்களில் வந்துதான் நிற்பார்கள். ஒன்று, காசு மிச்சம். இன்னொன்று, உடம்புக்கு நல்லது. இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே போச்சு என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் சங்கடமான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

முதலில் காசு. ஒரு ஈடு பன்னுக்கு அரை கிலோ மைதா. கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 ரூபாய். பால் 300 மில்லி, 18 ரூபாய். வெண்ணெய் 50 கிராம், 30 ரூபாய். சர்க்கரையும் உப்பும் சேர்த்து 3 ரூபாய். ஈஸ்ட் 9 ரூபாய். 1500 வாட் ஓவன் அரை மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், அதற்கு ஒரு 5 ரூபாய். மொத்தம் 90. பிசைந்த மாவு 900 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். 60 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 15 பன். ஒன்று 6 ரூபாய் அடக்கம். (ஊருக்கு ஊர் விலை மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

கடை விலை 10 என்றால் ஈட்டுக்கு 60 ரூபாய் மிச்சம். சபாஷ் என்று கை தட்டுவதற்கு முன்னால்... ஓவன்? 6000 ரூபாய்க்கு வாங்கினால், அந்தப் பணம் திரும்பி வர 100 ஈடு சுட வேண்டும். வாரம் ஒரு ஈடு என்றால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! கேக், பிஸ்கட் என்று வேறு எதற்கும் ஓவன் பயன்படும், சரி. அதையும் தள்ளிவிடுவோம். இன்னும் ஒரு செலவு பாக்கி இருக்கிறது.

அளக்க 5 நிமிடம், கையால் பிசைய 15, உருட்ட 10, பாத்திரம் கழுவி மேடை துடைக்க 10. ஆக 40 நிமிட உழைப்பு. மிச்சமானது 60 ரூபாய். அதாவது பிசைகிற கைக்கு மணிக்கு 90 ரூபாய் கூலி போட்டால் லாபம் சரியாகப் பூஜ்ஜியம். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் கூலியை விட்டுவிட்டு அடக்க விலை போட்டால் மார்க் கிடைக்காது. வீட்டுக் கணக்கில் மட்டும் எல்லோரும் அதை விட்டுவிட்டு "பாதி விலைதான்" என்கிறார்கள். காரணம் சின்னது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கை அம்மாவுடைய கை.

2024 செப்டம்பரில் கோவையில் நடந்த ஒரு கூட்டத்தில், பன்னுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்ற குழப்பத்தை ஒரு ஹோட்டல் அதிபர் நிதியமைச்சரிடம் எடுத்துச் சொன்னது ஞாபகம் இருக்கும். நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகையறாவுக்கெல்லாம் வரி 5 சதவீதமாக இறங்கியும்விட்டது. பன்னுக்குள் இருக்கிற க்ரீமுக்கு இவ்வளவு கணக்கு. வீட்டில் பன் செய்கிற கைக்கு? அது ஜிடிபியிலும் வராது, ஜிஎஸ்டியிலும் வராது. தன் வீட்டு சமையல்காரியையே ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பொருளாதார அறிஞர் பிகூ 1920லேயே சுட்டிக்காட்டினார். நூறு வருஷம் கழித்தும் அந்த விசித்திரம் அப்படியேதான் இருக்கிறது.

இது வெறும் கிண்டல் விஷயம் இல்லை. மத்திய அரசு 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவழிப்பது சராசரியாக நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அந்த 299க்கு மேலே இன்னொரு 40 நிமிடத்தை ஏற்றிவிட்டுத்தான் "வீட்டு பன் மாதிரி வருமா!" என்று நாம் சிலாகிக்கிறோம்.

அடுத்து ஆரோக்கியம். 2016ல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன், பீட்சா வகைகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாகச் சொன்னது. மாவுக்குப் பலம் கொடுத்து நன்றாக உப்ப வைப்பதற்காகச் சேர்ப்பது. புரோமேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் இருப்பது. அதே வருஷம் ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்துவிட்டது. ஆக அந்த பயத்துக்கு அன்றைக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதை வைத்தே இன்றைக்கும் "கடை பன் விஷம்" என்று பயமுறுத்துவது நியாயமில்லை. விடியற்காலையில் எழுந்து நேர்மையாக பன் போடுகிற தெருமுனை பேக்கரிக்காரர் அப்படி ஒரு பழியைச் சுமக்க என்ன பாவம் செய்தார்? தவிர, வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே மைதா ஒன்றும் கேழ்வரகு ஆகிவிடாது. :-)

அப்படியானால் வீட்டில் பன் செய்யவே வேண்டாமா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் காரணம் வேறாக இருக்கட்டும்.

ஈஸ்ட் ஒரு உயிர். மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. பிசையப் பிசைய மைதாவின் புரதம் வலை மாதிரி இழுபட்டு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் மாவைக் கிள்ளி விரித்தால் கிழியாமல் மெல்லிய சவ்வு மாதிரி வர வேண்டும். அதுதான் பதம். பால் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரண்டு மடங்காகிவிடும். உருட்டி வைத்து இன்னொரு அரை மணிக்கு மேல் விட்டு, 180 டிகிரியில் 20 நிமிடம் சுட்டு, சூட்டோடு வெண்ணெய் தடவினால் வேலை முடிந்தது.

இதில் சுவையைக் கொடுப்பது அந்தக் காத்திருப்புதான். 1961ல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். மாவை இயந்திரத்தில் அசுர வேகத்தில் சில நிமிடம் அடித்துவிட்டால், முதல் தடவை மணிக்கணக்காகப் பொங்க விடுவதே தேவையில்லை. தொழிற்சாலைக்கு நேரம்தான் பணம், அதனால் அந்த முறை ஓங்கி வளர்ந்தது. வீட்டில் அந்த அவசரம் இல்லை. மாவு பொங்குகிற நேரத்தில் பக்கத்தில் நின்று காவல் காக்கவும் வேண்டாம். இட்லி மாவை இரவெல்லாம் பொங்க விட்டுத் தூங்கத் தெரிந்தவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இன்னொரு வசதி, இதற்குக் கைப்பக்குவம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். தராசு போதும். மைதாவின் எடையை 100 என்று வைத்தால் பால் 60, சர்க்கரை 10, வெண்ணெய் 10, உப்பு 2, ஈஸ்ட் 1 அல்லது அதற்குச் சற்று மேலே. உலகத்து பேக்கரிக்காரர்கள் எல்லாம் இப்படி சதவீதத்தில்தான் கணக்குப் போடுகிறார்கள். சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் "ஒரு அளவா போடு" என்று பதில் வரும் நாட்டில், எண்களை மட்டும் நம்பிச் செய்யக்கூடிய பண்டம் இது. சமையலறைப் பக்கமே போகாத கல்லூரிப் பையன் முதல் முதலாகக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஆகவே ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளலாம். வீட்டு பன் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் யாரோ, அவரே பிசையட்டும். அவரே மேடையையும் துடைக்கட்டும். அப்போது அந்த 40 நிமிடம் இன்னொருவர் தலையில் ஏறிய சுமையாக இருக்காது, தானே விரும்பிச் செலவழித்த பொழுதாக இருக்கும். அதற்குக் கூலி போடவும் தேவையில்லை. பிசைய மனமில்லையா, ஒன்றும் குற்றமில்லை. பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போகலாம். அங்கே பிசைகிறவருக்குச் சம்பளமாவது கிடைக்கிறது.