கமுக்கம் காத்தல் குற்றமா?

மடலுறையின் முகவரியை அஞ்சலர் படிக்கலாம். யார் யார்க்கு எழுதினர் என்று ஏடு எழுதி வைத்தால் பொறுப்பார் உளரோ? இணைய இணைப்பு விற்கும் நிறுவனம் அதைத்தான் செய்கின்றது. அரசு உரிமத்தின்படி செய்தாகவும் வேண்டும். பூட்டுக்குறியுள்ள தளத்தில் ஒருவர் படிக்கும் பக்கம் அதற்குத் தெரியாது. எத்தளம், எந்நேரம் என்பன தெரியும். நள்ளிரவில் புற்றுநோய் மருத்துவமனை, விடியலில் வழக்கறிஞர். ஒருவர் வாழ்வைப் படிக்க வேறென்ன வேண்டும்?

அக்கண்ணுக்குத் தப்பும் மறைவழியே வி.பி.என். அதையேனும் விட்டனரா? வாங்குவோர் பெயர், முகவரி, தொலைப்பேசி எண் அனைத்தையும், அவர் விலகிய பின்னும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டுமென நடுவணரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்பிரலில் ஆணையிட்டது. தனிமறைவு அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்சநயன்மன்ற நடுவர் 9 பேரும் ஒருமித்துத் தீர்ப்பளித்த நாட்டில்! கள்வரைப் பிடிக்கவாம். கள்வர் சிலர்க்காக ஊரார் அனைவர் வீட்டுத் திறவுகோலையும் கேட்பதோ? உடன்படாத அயல்நாட்டு நிறுவனங்கள் சில அவ்வாண்டே தம் வழங்கிகளை இங்கிருந்து அகற்றிக்கொண்டன. ஆணையோ நிற்கின்றது.