பாழ்நிலம் என்னும் பழிச்சொல்

மரபுரிமை என்ற சொல் இன்று தமிழ் மாணவர் நாவிலே மலிந்து வழங்குகின்றது. கோயில்களும் கல்வெட்டுக்களும் ஏட்டுச் சுவடிகளும் கூத்துக்களும் மரபுரிமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் இயற்கை மரபுரிமை என்ற பேச்சு எழுந்ததும் அவர்தம் பார்வை மலைநாட்டை நோக்கித் திரும்பிவிடுகின்றது. ஹோட்டன் சமவெளியின் பனிமூட்டமும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில் தவழும் காடும் அவர் மனக்கண்முன் தோன்றுகின்றன. வடக்கிலிருந்து புறப்படும் பல்கலைக்கழகச் சுற்றுலாப் பேருந்துகளும் அத்திசையையே நாடுகின்றன. உலக முடிவில் நின்று படம் எடுத்துத் திரும்பும் மாணவன் காட்டைக் கண்டுவிட்டதாக நம்புகின்றான். அதே பேருந்து மாங்குளத்தையும் புளியங்குளத்தையும் கடந்து சென்றபோது வீதியின் இரு மருங்கும் நின்ற காட்டை அவன் கண்டானில்லை. அவ்வேளையில் அவன் உறங்கிக் கொண்டிருந்தான்.

இவ்வுறக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவும் பாழாகவும் குடியின்றியும் பயிரின்றியும் கிடந்த நிலங்களை, மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரிய சொத்தென அனுமானித்தது. காட்டையும் பாழையும் ஒரே மூச்சிற் சொல்லிய சட்டம் அது. மலைச்சரிவுகளைக் கோப்பித் தோட்டமாக்க விழைந்த துரைமாருக்கு நிலம் மலிவாகக் கிடைப்பதற்கு அது வழிவகுத்தது. கோப்பி மேலே மேலே ஏறிச் சென்றபின்னரே, மழையும் மண்ணும் கெடும் என்ற அச்சம் ஆட்சியாளருக்குப் பிறந்தது. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த யோசேப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் ஆகாது என ஆலோசனை கூறினார். அரசும் அதனை ஏற்றது. மலைக்காட்டின்மீது ஆட்சியாளர் காட்டிய பரிவு, பெரிதும் தோட்டங்களைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்ததாகும். தோட்டமில்லாத வன்னிக்கு அப்பரிவும் கிட்டவில்லை. 1897இலே பாழ்நிலக் கட்டளைச் சட்டம் என்றே பெயர் தாங்கிய ஒரு சட்டம் இயற்றப்பட்டது. துரைமார் சென்றனர்; அவர்கள் விட்டுச்சென்ற கண்ணாடியோ கற்றோர் மூக்கின்மேல் இன்றும் இருக்கின்றது. வன்னிக் காட்டை வெறும் பற்றைக்காடு என்று தள்ளுகின்ற பட்டதாரி, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தையே தமிழிற் பேசுகின்றான்.

மலைக்காட்டின் பெருமையை மறுப்பதற்கில்லை. சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றமை தகுதி பற்றியதே. இந்நாட்டுக்கே உரிய உயிரினங்கள் அங்கு செறிந்துள்ளன. ஆயின் அந்த ஓர் அளவுகோலைக் கொண்டு உலர் வலயக் காட்டைத் தாழ்த்துவோர் சில எளிய உண்மைகளை மறந்துவிடுகின்றனர். இலங்கையிலே கரடி வாழ்வது உலர் வலயத்தின் தாழ்நிலக் காடுகளிலேயே ஆகும். ஹோட்டன் சமவெளியில் ஆயுள் முழுவதும் அலைந்தாலும் ஒரு கரடியின் அடிச்சுவடு தென்படாது. அங்கு ஒருகாலத்தில் உலாவிய யானைகளும் இன்று இல்லை. யானையும் கரடியும் சிறுத்தையும் ஒருங்கே வாழ இடங்கொடுத்திருப்பது வன்னியின் காடாகும். மலையில் ஒரு பேரூற்று இருப்பின் அது மரபுரிமை. சமநிலத்திலே நூற்றுக்கணக்கான குளங்களுக்கு நீரைச் சேர்த்துக் கொடுக்கும் காடு மட்டும் வெற்றிடமா?

வற்றாப்பளையை எடுத்து நோக்குமிடத்து இவ்வினாவின் பொருள் தெளிவாகும். முல்லைத்தீவு மாவட்டத்தின் நிலப்பரப்பிலே பாதிக்கு மேற்பட்டது காடு. வவுனியாவின் வடபகுதியில் ஊற்றெடுக்கும் பேராறு அக்காட்டினூடாக வந்து, முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி, நந்திக்கடலிற் கலக்கின்றது. அந்த நந்திக்கடலின் கரையிலேயே வற்றாப்பளை அமைந்துள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் சில மாத மழையே ஆண்டு முழுமைக்கும் உரிய நீர். அம்மழையைத் தாங்கி, மண்ணை அரிக்கவிடாது, மெல்லக் கசியவிட்டுக் குளத்துக்கு அனுப்புவது காடு. மேற்காடு அழிந்தால் குளம் மண்ணால் தூர்ந்துபோகும். குளம் தூர்ந்தால் வயல் காயும். ஆற்றுநீர் குன்றினால் கடனீரேரியின் உவர்ப்பு மாறி, இறாலும் மீனும் குறையும். இறாலை எதிர்பார்த்து வலை வீசும் கடற்றொழிலாளிக்கும், காட்டினுள் நிற்கும் பாலை மரத்துக்கும் உள்ள உறவு இதுவே. இவ்வுறவைப் பாடநூல் இன்னும் சொல்லவில்லை.

ஊர்மக்களோ இதனை வேறு மொழியிற் சொல்லியிருக்கின்றனர். மதுரையை எரித்த கண்ணகி சினந்தணிந்து தங்கிய பத்தாவது பளை இது என்பதும், பத்தாப்பளையே வற்றாப்பளை ஆயிற்று என்பதும் மரபு. அவளைக் கண்டு குடில் அமைத்துக் கொடுத்தோர் நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்த சிறுவர் என்பர். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து வந்து அந்நீரிலேயே விளக்கேற்றுகின்றனர். கடலும் மேய்ச்சல்நிலமும் வேம்பும் இன்றி இக்கதை இல்லை. நிலத்தின் இயல்பைக் கழித்துவிட்டு அம்மனை மட்டும் மரபுரிமையாகக் கொள்ளும் அறிஞர், கதையின் பாதியையே கேட்டவராவர்.

இவ்விடத்திலே தமிழ் பயிலும் கலைப்பீட மாணவனிடம் ஒரு வினாவை எழுப்புதல் தகும். முதல், கரு, உரி என்ற பாகுபாட்டை அவன் தேர்வுத்தாளிலே பிழையின்றி எழுதுகின்றான். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியர் கூறும் கருப்பொருள்களை ஒப்புவிக்கின்றான். முல்லைக்குக் காடு என்று எழுதிப் புள்ளியும் பெறுகின்றான். ஆனால் பாலையையும் வீரையையும் முதிரையையும் கருங்காலியையும் அருகருகே நிறுத்தினால் எது எதுவெனப் பிரித்தறிய அவனால் இயலுமா? பனிச்சங்குளம், கூழாமுறிப்பு, பாலைப்பாணி, மருதோடை, புளியங்குளம் என்று மரங்களின் பெயரால் ஊர்களை அழைத்த மக்களின் வழித்தோன்றல் அவன். மலைத்தொடர் மடக்கிய கைமுட்டிபோல் தூரத்தே தோன்றியமையால் நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்டனர். தூரநின்று பார்ப்பவன் வைக்கும் பெயர் அத்தகையது. வன்னியின் ஊர்ப்பெயர்களோ அருகிருந்து, நிழலில் இருந்து, பழம் உண்டு வைத்த பெயர்கள். அப்பெயர்களின் பொருளை இழந்த சமூகம் நிலத்துக்கு உரிமை கோருமிடத்து அக்கோரிக்கையின் வலு குன்றிவிடும்.

அரசின் பாதுகாப்பு முறையும் இக்குறையினின்று விடுபட்டதன்று. 2017 ஜனவரியில் நந்திக்கடலும் அதனைச் சார்ந்த நிலமுமாகச் சுமார் 4,100 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நாயாற்றுக்கும் அவ்வாறே பிரகடனம் வந்தது. வலசை வரும் பறவைகளுக்கும் கண்டற் செடிகளுக்கும் காவல் தேவை என்பதை எவரும் மறுக்கார். எனினும் 2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற கரை அதுவே. அக்கரையின் மக்கள் முகாமிலிருந்து மீண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வற்றாப்பளைக்கு அயலிலுள்ள கேப்பாப்பிலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிக்காக வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கியதும் அதே 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே. இடம்பெயர்ந்த காலத்திலே வயலிலும் மேட்டுநிலத்திலும் வளர்ந்த மரங்களைக் காடென்று கணித்து, எல்லைக் கற்களை நாட்டிய செயல் வன்னியெங்கும் மனக்கசப்பை விளைத்திருக்கின்றது. வானிலிருந்து எடுத்த படத்திலே இருபது ஆண்டுப் பற்றையும் இருநூறு ஆண்டுக் காடும் ஒரே பச்சையாகத் தோன்றலாம். காலால் நடந்தவனுக்கு அவ்வாறு தோன்றாது. ஊர் முதியவரை உடனழைத்துச் செல்லாது இடப்பட்ட எல்லை, காட்டின் காவலனாக வேண்டிய விவசாயியைக் காட்டின் எதிரியாக்குகின்றது.

இதனைக் காரணங்காட்டிப் பாதுகாப்பே வேண்டாம் என்போரும் உளர். மக்கள் முதலில், மரங்கள் பின்னர் என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய இவ்வாதத்தினால் பயன்பெறுவோர் யாவர் என்று ஆராய்தல் வேண்டும். இரவோடிரவாக முதிரைக் குற்றிகளை ஏற்றிச் செல்லும் பாரவூர்தி ஏழை விவசாயியினுடையதன்று. ஆற்றுப் படுக்கையைத் தோண்டி மணலை விற்கும் முதலாளிக்கு மீள்குடியேற்றத்தில் அக்கறை இல்லை. 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் வனத் திணைக்களத்தின் பொறுப்பிலே விடப்பட்டிருந்த ஏனைய அரச காடுகளை, 2020 நவம்பரில் அரசு அப்பொறுப்பினின்று விடுவித்து மாவட்ட, பிரதேச நிருவாகத்தின் கைக்கு மாற்றியபோதும் மக்களின் பயிர்ச்செய்கையே காரணமாகச் சொல்லப்பட்டது. 1840இலே பாழ் என்ற சொல் செய்த வேலையை 2020இலே ஏனைய என்ற சொல் செய்தது. விவசாயியின் வயலை விவசாயிக்குக் கொடுப்பது நீதி. அவனுடைய பெயரைச் சொல்லிக் காட்டை வணிகனுக்குத் திறந்துவிடுவது வஞ்சகம். இவ்விரண்டையும் பிரித்துக் காணும் அறிவு நிலத்தை நேரில் ஆராய்ந்தவருக்கே வாய்க்கும்.

ஆராய்ச்சியின்மை எத்தகைய நிலைக்கு இட்டுச்செல்லும் என்பதற்குக் குருந்தூர்மலை சான்றாகும். தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டிக் காட்டினிடையே எழும் அக்குன்றிலே சுமார் 78 ஏக்கர் 1933இல் தொல்லியற் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் அங்கு அகழ்வு தொடங்கியதன்பின் வழக்குகளும் மறியல்களும் தொடர்ந்தன. வழிபாட்டுரிமையும் காணியுரிமையும் மறுக்கப்பட்ட மக்களின் குறை உண்மையானது. அது தீர்க்கப்படல் வேண்டும். எனினும் அம்மலையைப் பற்றி இரு மொழியிலும் வெளிவந்த பேச்சுக்களிலே செங்கல்லுக்கும் சூலத்துக்கும் கிடைத்த இடம் மரத்துக்குக் கிடைக்கவில்லை. குருந்து முல்லைத் திணைக்குரிய மரமென இலக்கியம் பயின்றோர் அறிவர். மலையின் பெயரிலேயே அது நிற்கின்றது. அம்மலைச் சாரலின் மரங்களையும் பறவைகளையும் கணக்கெடுக்க ஒரு மாணவர் குழுவை அனுப்பும் எண்ணம் எச்சங்கத்துக்கும் தோன்றவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

ஆகவே வேண்டப்படுவது சுற்றுலாவன்று; பயிற்சியும் பணிவும் பொருந்திய தேடல். வன்னியிலே இன்று ஒரு பல்கலைக்கழகம் உண்டு. யாழ்ப்பாண வளாகமாயிருந்த வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சியிலே விவசாய பீடமும் இயங்குகின்றது. தாவரவியலாளரும் புவியியலாளரும் தமிழ் மாணவரும் ஒன்றுகூடி, தேனெடுப்போரிடமும் மாடு மேய்ப்போரிடமும் நந்திக்கடற் றொழிலாளரிடமும் சென்று, மரம், மீன், பறவை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கு அவர் வழங்கும் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். எந்த மரம் எப்போது பூக்கும், எந்த வழியால் யானை குளத்துக்கு இறங்கும், முகத்துவாரம் எந்நாளில் உடைப்பெடுக்கும் என்பன அம்முதியவர்களின் நினைவிலே மட்டும் இருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் அந்நினைவின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. எஞ்சியதை எழுதி வைக்க அதிக காலம் இல்லை. அவ்வாறு எழுதப்பட்ட ஏடு ஒன்று கைவசம் இருக்குமாயின், எல்லைக்கல்லோடு வரும் அதிகாரிக்கும் வாளோடு வரும் வணிகனுக்கும் ஊரார் சான்று காட்டி விடையிறுக்கலாம்.

காடும் மலையும் தத்தம் இயல்பிற் கெடுமிடத்தே பாலை தோன்றும் என்ற கருத்து சிலப்பதிகாரத்திலே உண்டு. அக்காப்பியத்தின் தலைவியையே தெய்வமாக்கிக் கும்பிடும் மண் வற்றாப்பளை. அவளுக்குப் பொங்கல் வைக்கும் சமூகம், அவள் நடந்துவந்த காட்டைப் பாழ்நிலம் என்று சொல்லுமாயின், பாலைக்கான முதற்குழி அதன் சொல்லிலேயே தோண்டப்படுகின்றது. தமிழ்ச் சங்கங்கள் தம் அடுத்த பயணத்தை மலைநாட்டுக்கு வகுக்குமுன், மாங்குளத்திலே பேருந்தை நிறுத்திக் கிழக்கே திரும்புவது நன்று.