ஆலைக்குள் அழியும் கோடு



அமெரிக்காவில் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1964இலேயே வந்துவிட்டது. ஆயினும் 2020 மே 25 அன்று ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரின் முழங்காலுக்கடியில் உயிர்விட்டார். அதைக் கேட்டு நாம் பதறினோம், பதறியது முறையே. நம் ஓசூரில் நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஓசூரை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த பட்டியலின இளைஞர் ஒருவரும் வேறு சாதிப் பெண் ஒருவரும் 2018இல் மணம் புரிந்து, நகரில் குடியிருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் கடத்தப்பட்டனர். கைகால் கட்டப்பட்ட அவர்களின் உடல்கள் கர்நாடகத்தில், சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. எல்லை தாண்டினால் அடையாளம் தெரியாது என எண்ணினர் போலும்! இளைஞரின் பனியனில் அம்பேத்கரின் உருவமும் ஊர்ப்பெயரும் இருந்தன. அப்பெயரே காவல்துறைக்கு வழிகாட்டிற்று. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதாயினர்.

தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. சிப்காட் ஆலைகளில் பல சாதியினரும் ஒரே இயந்திர வரிசையில் நிற்கின்றனர். ஒரே உணவுக்கூடத்தில் உண்கின்றனர். அங்கே அழியும் கோடு, திருமணப் பேச்சு எழுந்ததும் மீண்டும் தெரிகிறது. வாடகைக்கு வீடு தேடும்போதும் அப்படித்தான். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வியின் கசப்பை, பெயரைச் சொன்னதுமே கதவு சாத்தப்பட்ட நம் குடும்பங்கள் அறியும். நம்மிலும் வீடு வாடகைக்கு விடுவோர் உண்டு. அவர்கள் திண்ணையில் அக்கேள்வி எழுவதில்லையா?