சாதுவான நோய் சீறும் வேளை

நோய்களிலும் சாது உண்டு. முதியோரைப் பற்றும் நாட்பட்ட நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய் அத்தகையது. மேல்நாட்டாரைவிட நம்மவரிடையே அருகியே காணப்படும் இந்நோயுடன், மருந்தேதுமின்றி ஆண்டுக்கணக்கில் நடமாடுவோர் பலர். ஆயினும் ஆண்டொன்றுக்கு 200 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ அது உருமாறி, மூர்க்கமான நிணநீர்ச் சுரப்பிப் புற்றாகிவிடுகிறது. 1928இல் நியூயோர்க் நோயியல் அறிஞர் மோறிஸ் றிக்டர் இதனை விவரித்தமையால், அவர் பெயராலேயே இம்மாற்றம் வழங்குகிறது.

எப்போது சீறும்? நாள் குறிக்க எந்த வைத்தியராலும் இயலாது. சோதிடரை நாடுவதும் வீண். எவருக்கு அபாயம் மிகுதி என்பதையே ஓரளவு சொல்லலாம். டி.பி.53, நொட்ச்1 என்னும் மரபணுக்கள் பழுதுற்றோர் அவ்வகையினர். 2022இல் பார்சிலோனா ஆய்வாளர் வெளியிட்ட செய்தியோ நம்மைத் திகைக்க வைத்தது: மூர்க்கக் கலங்களின் வித்து, சிலரிடம் உருமாற்றத்துக்கு 19 ஆண்டுகள் முன்னரே உறங்கிக் கிடந்ததாம்! அவ்வித்தைத் தேடும் நுண்சோதனை அன்றாடச் சிகிச்சைக்கு இன்னும் வந்துவிடவில்லை.

ஆதலால் கொம்பனித்தெருவிலோ கொட்டாஞ்சேனையிலோ இந்நோயுடன் வாழும் பெரியவரின் வீட்டார் கண்விழிப்பாய் இருத்தல் வேண்டும். கழுத்திலோ கமக்கட்டிலோ ஒரு நெறிக்கட்டி மட்டும் விரைந்து பெருத்தல், காரணம் புலப்படாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, உடல் மெலிவு ஆகியவை தோன்றின், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது வைத்தியரிடம் செல்லுங்கள். இரத்தத்தில் எல்.டி.எச். உயர்ந்துள்ளதா என அவர் பார்ப்பார். பெட் ஸ்கேனில் மிகுதியாய் ஒளிரும் கட்டியிலிருந்து சதைத்துண்டெடுத்துச் சோதித்த பின்னரே முடிவு சொல்வார். உருமாற்றம் உறுதியானால் மருந்து முறையே வேறு.