விரல் முட்டியில் விழுப்புண் எதற்கு?

போன மாதம் ஒரு மாலை. பதினைந்து வயதுப் பையனைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தார் அந்த அம்மா. பையன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றான்.

"டாக்டர்கிட்ட காட்டுடா!"

தயங்கித் தயங்கிக் கையை எடுத்தான். நடுவிரல், மோதிர விரல் முட்டிகளில் தோலே இல்லை. அதன்மேல் காப்பித்தூள் அப்பி, அது காய்ந்து கறுத்து, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறானாம். பத்து நாளாக வீட்டில் மறைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டால், "காயத்தோட குத்தினாத்தான் கை உரமேறும்னு சீனியர் அண்ணன் சொன்னாரு சார்" என்கிறான். அக்குளைத் தொட்டுப் பார்த்தேன். நெறி கட்டியிருந்தது.

"ஏதாவது பச்சிலை அரைச்சுக் கட்டுங்க டாக்டர். உங்க வைத்தியத்துலதான் பக்கவிளைவே கிடையாதே..." என்றார் அம்மா.

நான் பச்சிலை எதையும் கட்டவில்லை. புண்ணைக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். சித்த வைத்தியரே இப்படிச் செய்துவிட்டாரே என்று அவருக்கு ஏமாற்றம்தான். அந்த ஏமாற்றத்துக்கு நான் சொல்ல வேண்டிய பதில்தான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுக்கு நான் விரோதி அல்ல. குத்துவரிசை நம் மண்ணின் கலை. வடசென்னையில் தலைமுறை தலைமுறையாகக் கிளவுஸ் மாட்டியவர்கள் உண்டு. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம் அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது. மேரி கோம் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும், லவ்லினா 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துப் பெண் பிள்ளைகளும் ஆசையோடு போகிறார்கள். போகட்டும். உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான்.

என் சண்டையெல்லாம் 'தோல் உரிந்தால்தான் வீரன்' என்ற நினைப்போடுதான். போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் வாங்கிய புண்ணை விழுப்புண் என்று நம் முன்னோர் போற்றினார்கள். மணல் மூட்டையில் உரசி வந்த புண்ணுக்கு அந்தப் பெருமை எதற்கு? அது பயிற்சியில் எங்கோ தப்பு நடக்கிறது என்று கை சொல்லும் சேதி.

என்ன தப்பு? பெரும்பாலும் நாலுதான். கிளவுஸ் தொளதொளவென்று இருந்தால் கை உள்ளே வழுக்கி உரசும். வியர்வையில் நனைந்த துணிப்பட்டியோடு தொடர்ந்து குத்தினால், ஊறிய தோல் சுலபமாக உரிந்துவிடும். மூட்டையின் மேல்துணி சொரசொரப்பாக இருந்தால் அதுவும் தோலைச் சீவும். நாலாவது, குத்து நேராக விழாமல் இழுபடுவது. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் முதலில் மோத வேண்டும். மோதிர விரல், சுண்டுவிரல் பக்கமே தோல் போகிறதென்றால் குத்தே கோணலாக விழுகிறது என்று அர்த்தம். மருந்தை விட மாஸ்டரின் கண்தான் அங்கே தேவை.

கை உரமேறுவது உண்மைதான். ஆனால் முழுத் தோலில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது அது. புண்ணின் மேலேயே குத்தினால் தழும்புதான் மிஞ்சும். தழும்புக்கு ஒருபோதும் பழைய தோலின் முழு வலு வராது. அடுத்த முறை அதே இடம்தான் முதலில் கிழியும்.

ஆகவே வருமுன் காப்போம். பிள்ளைகள் 'பேண்டேஜ்' என்று சொல்லும் துணிப்பட்டி சுமார் 4.5 மீட்டர் நீளம் இருக்கட்டும். விரல் முட்டிகளின் மேல் மூன்று, நாலு சுற்று வர வேண்டும். இரண்டு ஜோடி வாங்கி, தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கிளவுஸைப் பைக்குள் திணித்து வைக்காமல் வாய் திறந்தபடி காற்றாட வையுங்கள். இரவல் கிளவுஸ் வேண்டாம். படர்தாமரையும் மருவும் சிரங்கும் அதன் வழியாக வீட்டுக்கு வரலாம். மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பயிற்சி. முட்டியில் சுரீரென்று சூடு தெரிந்தால் அன்றைக்கு மூட்டையை விட்டுவிட வேண்டும். படிகாரத் தண்ணீரில் கையை ஊறவைத்தால் கெட்டிப்படும் என்பார்கள். அடிக்கடி செய்தால் தோல் வறண்டு வெடிக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதில் ராத்திரி படுக்கும்போது நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

அப்படியும் தோல் போய்விட்டதா? குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிஷம், மிதமான சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், பற்பசை எதுவும் கூடாது. மஞ்சள்தூளும் வேண்டாம். மஞ்சளின் குணத்தை நான் மறுப்பேனா? ஆனால் கடையில் வாங்கும் தூள் கிருமி நீக்கியது அல்ல. திறந்த புண்ணுக்குள் அது போவது ஆபத்து. ஸ்பிரிட் ஊற்றுவதும் வேண்டாம். அது புதுத் தசையையும் எரித்துவிடும்.

'காத்தாட விட்டாத்தான் ஆறும்' என்பதும் பழைய நம்பிக்கை. மூடி, லேசான ஈரப்பதத்தோடு வைத்த புண் சீக்கிரம் ஆறுகிறது என்று 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் சோதித்துக் காட்டிவிட்டார். எனவே மெல்லிசாக வாசலின் தடவி, சுத்தமான காஸ் துணியால் மூடி, தினம் மாற்றுங்கள். கொப்புளம் என்றால் மேல்தோலை உரிக்காதீர்கள். அதுவே நல்ல கட்டு. புதுத்தோல் மூடும்வரை, ஒரு வாரமோ பத்து நாளோ, அந்தக் கைக்கு மூட்டை கிடையாது. கயிறு தாண்டட்டும், கால் பயிற்சி செய்யட்டும்.

எங்கள் வைத்தியத்திலும் நல்ல மருந்துகள் உண்டு. திரிபலா கஷாயத்தால் புண் கழுவுவதும், ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலமும் காலங்காலமாக வழக்கத்தில் உள்ளவை. ஆனால் மத்தன் தைலத்தில் ஊமத்தை இருக்கிறது, மயில்துத்தம் இருக்கிறது. வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது. வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று தடவக்கூடியது அல்ல. 'பச்சிலை என்றால் கெடுதலே இல்லை' என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்கள்!

சிவப்புக் கோடு கையில் மேலேறினால், காய்ச்சல் வந்தால், நெறி கட்டினால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால் உடனே மருத்துவமனை. எதிராளியின் பல் பட்டு முட்டி கிழிந்திருந்தால் காயம் கடுகளவு இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். வாயிலுள்ள கிருமி மூட்டுக்குள்ளேயே போயிருக்கலாம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை இரண்டு மடங்கு.

பயிற்சி தரும் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளவுஸ் மாட்டுமுன் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பாருங்கள். காயம் இருந்தால் திட்டாமல், கேலி செய்யாமல் ஓய்வு கொடுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. அந்தப் பையன் எப்படி மாட்டிக்கொண்டான் தெரியுமா? ரசம் சாதத்துக்கு நாலு நாளாக ஸ்பூன் கேட்டிருக்கிறான். கையில் பட்டால் எரிகிறதே! ஐந்தாம் நாள்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று ஸ்பூன் கேட்டால், கொடுக்கும் முன் கையைக் காட்டச் சொல்லுங்கள்.