மீட்டரைக் குறை சொல்லாதீர்கள்!

திருவள்ளூரில் 1998-ல் லான்சர் கார் தயாரித்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ். இன்று அந்த ஆலையில் சிட்ரோன் தயாராகிறது. ஆனாலும் அந்தக் கம்பெனி என்றாலே எல்லோருக்கும் ஞாபகம் வருவது உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர்தான்.

அந்தப் பழைய வண்டியில் ஸ்பீடாமீட்டர் 'கிர்ர்' என்று கத்தி, முள்ளும் ஆடினால், உடனே மீட்டரை மாற்றச் சொல்வது அநியாயம். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளை முதலில் பாருங்கள். உள்ளே சுழலும் கம்பியில் கிரீஸ் காய்ந்தாலும், கேபிள் ரொம்ப வளைந்தாலும் இப்படித்தான் கத்தும். கம்பியைத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மீட்டர் பக்க நுனியில் மட்டும் தடவக்கூடாது. கிரீஸ் உள்ளே ஏறினால் மீட்டர் காலி. கம்பி நெளிந்திருந்தால் கேபிளை மட்டும் மாற்றினால் போதும்.

செலவுக் கணக்கை விடுங்கள். தூக்கி எறிந்த ஒரிஜினல் மீட்டர் திரும்பி வருமா?