முடியுமுன் வெளியிடலாமா?

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும் பேருந்தில், எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் வினவினான்: "ஐயா, கணினி விளையாட்டுகளைப் பாதி முடிந்த நிலையிலேயே விற்கின்றனர். நானும் ஒன்றை வாங்கினேன். இது நேர்மையா?"

விளையாட்டுச் செய்திதானே என்று புறந்தள்ள உளம் ஒப்பவில்லை. பெருநிறுவனத்தின் பொருள்வலி இல்லாத தனியாக்குநர், தம் ஆக்கத்தை முடியுமுன்னரே விற்று, வாங்கியோர் சுட்டும் குறைகளைத் திருத்தியவாறு மேற்செல்கின்றனர். இதனை 'முன்னுகர்வு' எனலாம். சுவீடன் நாட்டார் ஒருவர் தொடங்கிய 'மைன்கிராப்டு' 2009-இலேயே விலைக்கு வந்தது. முழுவடிவம் பெற்றது 2011-இல். 'இசுட்டீம்' என்னும் இணைய அங்காடி 2013-இல் இம்முறைக்கெனத் தனிப்பிரிவே அமைத்தது. சில ஆக்கங்கள் முடியாமலே போகலாம். இன்றுள்ள நிலை உவப்பாயின் மட்டும் வாங்குக என அவ்வங்காடியே அறிவுறுத்துகின்றது.

குறையோடு வருதல் குற்றமன்று. குறையை மறைத்து விலைகொள்வதே குற்றம். செய்தது இவ்வளவு, செய்யவேண்டியது இவ்வளவு என முகப்பிலேயே உரைத்துவிட்டால், வாங்குவோன் ஏமாளியல்லன், ஆக்குவோனுக்குத் துணைவன்.

நம்மனோர்க்கும் இதில் படிப்பினை உண்டு. இராசபாளையத்தை அடுத்த முறம்பில் இளமையில் ஆசிரியப்பணி ஆற்றியவர் மொழிஞாயிறு பாவாணர். அவரை இயக்குநராகக் கொண்டு, தமிழக அரசு 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. 1981-இல் அவர் மறைந்தார். முதன்மடலத்தின் முதற்பகுதி வெளிவந்தது 1985-இல். பணி முழுதும் முடிந்தது 2011-இல். முதற்பகுதியையேனும் நூல்வடிவிற் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை!

ஆயினும், யாம் கல்லூரியிற் பயின்ற காலத்து அம்முதற்பகுதியைப் புரட்டியே சொல்லாய்வு கற்றோம். 'முழுதும் முடியட்டும்' எனப் பூட்டி வைத்திருந்தால், எம் தலைமுறை வெறுங்கையோடு நின்றிருக்கும்.

இன்றும் நம்மிடையே, 'முற்றும் முடிந்தபின் வெளியிடுவேன்' என்று கலைச்சொற் கையெழுத்துப்படிகளைப் பேழையிற் பூட்டிக் கறையானுக்கு இரையாக்கும் அறிஞர் உளர். அரைகுறையைத் தொகுத்து 'முழுமையானது' எனப் பெயரிட்டு விற்போரும் உளர். முன்னவர் தமிழுக்கு இழப்பைத் தருகின்றனர். பின்னவர் இழுக்கைத் தருகின்றனர். முடிந்தமட்டும் வெளியிடுக! முகப்பில் 'முற்றுப்பெறாதது' எனப் பொறித்திடுக! அடுத்த பகுதிக்கு நாள் குறித்திடுக! பிழை சுட்டுவோரைப் பகைவர் எனக் கருதற்க!

மாணவனுக்கு யாம் கூறிய விடை இதுவே: "தம்பி, முகப்பைப் படித்து வாங்கு; வாங்கியபின் குறையைச் சுட்டு. நம் ஊர்த் தேரை ஒருவர் இழுத்து நிலைசேர்க்க இயலாது. ஊர் கூடியே இழுக்கின்றோம். ஆனால், நிலைசேருமுன் வடத்தைக் கைவிடும் உரிமை, தேரைக் கிளப்பியவனுக்கு இல்லை."